அயர்லாந்தில் ஓர் இசை இரவு: செஷன், பாட்டு, ஆட்டம் பற்றிய முழு வழிகாட்டி

மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. பப்பின் மூலையில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், அவர்களில் பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பிடிலுக்கு ஸ்ருதி கூட்டுவார், இன்னொருவர் பக்கத்துக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். முதல்முறை போகிறவர்கள், இது ஒத்திகை போலிருக்கிறது, கச்சேரி எப்போது தொடங்குமோ என்று காத்திருப்பார்கள். அதுதான் கச்சேரி. இதற்கு 'செஷன்' என்று பெயர்.

அயர்லாந்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பலர் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் ஒருவர் கிட்டாரோடு மைக்கில் பாடுவதைக் கேட்டுவிட்டு, ஐரிஷ் இசை கேட்டாயிற்று என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டு உள்ளே நுழையாமல் வாசலோடு திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. செஷனில் வாசிக்கிறவர்கள் நமக்காக வாசிக்கவில்லை, ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள். நாம் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி. எங்கே உட்காருவது, எப்போது பேசுவது, எப்போது வாயை மூடுவது என்று தெரிந்த விருந்தாளிக்கு அந்த இரவு கொடுப்பதே வேறு. இந்த வழிகாட்டியை எழுதுவது அதற்காகத்தான். மேற்குக் கடற்கரையிலுள்ள க்ளேர் கவுண்டியை மனதில் வைத்தே எழுதுகிறேன், எனக்குப் பழக்கமான இடம் அது.

முதலில் ஒரு விஷயம். செஷன் ஏதோ ஆயிரம் வருடப் பழசு என்று நினைக்காதீர்கள். இசை பழசு, பப்பில் கூடி வாசிக்கும் வழக்கம் புதுசு. முன்பெல்லாம் இந்த ட்யூன்கள் வீட்டுச் சமையலறையில், நாலு ஜோடி ஆடுவதற்காக வாசிக்கப்பட்டவை. 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. பொது இடத்தில் ஆட உரிமம் வேண்டும் என்றார்கள். பாதிரியார்களுக்கும் வீட்டு ஆட்டங்கள் பிடிக்கவில்லை. சட்டத்தையும் பங்குத் தந்தையின் வார்த்தையையும் மீறி சமையலறையில் ஆட ஊர்மக்கள் பயந்தார்கள். வாசித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் பிழைப்பு தேடி லண்டன் போய், கட்டட வேலை முடிந்த இரவுகளில் அங்கிருந்த பப்களில் கூடினார்கள். நாற்பதுகளின் பிற்பகுதியில் அங்கே பிடித்த வழக்கம்தான் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தது. அதனால்தான் இன்றைக்கும் பப் மூலையில் அந்தச் சமையலறை வாசம் இருக்கிறது.

ஊரும் மாதமும்

ஷானன் விமான நிலையம் க்ளேர் கவுண்டிக்குள்ளேயே இருக்கிறது. கவுண்டியின் தலைமை ஊர் என்னிஸ், கால்வேயிலிருந்தும் லிமரிக்கிலிருந்தும் ரயில் உண்டு. டூலின் கடலோரச் சிற்றூர். மோஹர் செங்குத்துப் பாறைகளைத் தொட்டுப் போகும் 350ஆம் எண் பேருந்து அங்கே போகும். ஆனால் இரவு செஷன் முடிந்து வெளியே வரும்போது பேருந்து எதுவும் இருக்காது. ஆகவே நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் அறை எடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இருட்டில் நடைபாதை இல்லாத கிராமத்துச் சாலையில் நடப்பது ஆபத்து.

டூலின் பெயரை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் மைக்கோ ரஸ்ஸல் (1915–1994). டின் விசில் வாசித்த விவசாயி. கோடையில் அங்கே தினமும் இசை உண்டு, கூட்டமும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக் கூட்டம் தோளோடு தோள் இடிக்க நிற்கும். என்னைக் கேட்டால் அக்டோபரிலோ பிப்ரவரியிலோ ஒரு சாதாரண வார நாளில் என்னிஸுக்குப் போங்கள் என்பேன். வாசிக்கிறவர்கள் அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் வசிப்பவர்கள், ஆகவே வருடம் முழுக்க ஏதாவது ஒரு மேசையில் இசை நடந்துகொண்டிருக்கும்.

திருவிழா போலப் பார்க்க ஆசையா? அப்படியானால் மில்டவுன் மால்பே. ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கி வில்லி க்ளான்சி கோடைப் பள்ளி ஒரு வாரம் நடக்கும். க்ளான்சி அந்த ஊரில் தச்சுவேலை பார்த்த பெரிய பைப்பர் (இலன் பைப்ஸ் என்ற காற்றுப்பை வாத்தியம் வாசிப்பவர்). அவர் இறந்த 1973ஆம் வருடமே நண்பர்கள் இதைத் தொடங்கினார்கள். காலையில் வகுப்பு, இரவில் ஊரே செஷன். தங்க இடம் கிடைப்பது கஷ்டம், மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

டப்ளினை விட்டு நகர நேரமே இல்லை என்றால் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப் போதும். 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் போட்டபோது மக்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்துவிட்டது. ஒரு பப்புக்காக இவ்வளவு பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பதிலிருந்தே அந்த மேசையின் மதிப்பு புரியும். பகலில் நேரம் இருந்தால் மெரியன் சதுக்கத்தில் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இருக்கிறது. 1987இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் போய்ப் பழைய பதிவுகளைக் கேட்கலாம்.

நேரம், சாப்பாடு, குழந்தைகள்

செஷன் பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். பப் சமையலறை ஒன்பதை ஒட்டி மூடிவிடும். ஆகவே எட்டு மணிக்கே போய்ச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சைவக்காரர்களுக்கு காய்கறி சூப்பும் பிரவுன் பிரெட்டும் எங்கே போனாலும் கிடைக்கும் (சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்). மது குடிக்காதவர் பப்புக்குப் போவதா என்று தயங்க வேண்டாம். டீ கேளுங்கள், ஒரு பானை டீயைக் கொண்டுவந்து வைப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வாசிக்கிறவர்களிலேயே பலர் இரவு முழுக்கத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். 2004இலிருந்து உள்ளே புகைபிடிக்கவும் தடை.

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் பப்பில் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. செஷன் தொடங்கும்போதே வெளியேற வேண்டிவரும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1951இல் முல்லிங்காரில் தொடங்கிய கோல்தஸ் என்ற மரபிசை அமைப்புக்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு, என்னிஸில் அதன் மையம் இருக்கிறது. கோடையில் இசை, பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்த நிகழ்ச்சிகளை அரங்கில் நடத்துவார்கள், குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்கே உட்காருவது

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் செஷனுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். சன்னல் ஓரத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் கசங்கிப்போன கம்பளித் தொப்பி ஒன்று. யாரோ மறந்துவிட்டார்கள் போல என்று அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒன்பதரைக்கு ஒரு பெரியவர் பிடில் பெட்டியோடு வந்தார். என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், சிரித்தார், சுவரில் சாய்ந்து நின்றபடியே வாசிக்கத் தொடங்கிவிட்டார். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்திலிருந்த அம்மா காதோடு சொன்ன பிறகுதான் நம்ம ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்தத் தொப்பி வைக்கப்பட்டிருந்தது என்று புரிந்தது. எழுபது வயதுக்காரர் என்னால் நின்றுகொண்டு வாசித்தார். அன்றைக்கு எனக்கு இசையே காதில் ஏறவில்லை.

ஆகவே, பப்புக்குள் போனதும் பாரில் நிற்பவரிடம் "வாசிக்கிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?" என்று கேளுங்கள். அந்த மேசைக்கு அடுத்த மேசையில் உட்காருங்கள், அந்த மேசையில் மட்டும் வேண்டாம். ஆறடி தூரத்தில் இருந்தால் போதும், வில் நரம்பைக் கடிக்கும் சத்தம்வரை கேட்கும். பத்தடி தாண்டினால் பேச்சுச் சத்தம்தான் கேட்கும்.

வாத்தியங்கள்

பிடில் உங்களுக்குத் தெரியும். நம்மவர்கள் சப்பணமிட்டு அமர்ந்து தோளுக்கும் காலுக்கும் நடுவே தாங்குவார்கள், இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேலைநாட்டு முறையில் தோளில் வைத்து வாசிப்பார்கள். டின் விசில் ஆறு துளை உள்ள தகரக் குழல், சில யூரோவுக்குக் கிடைக்கும், பெரும்பாலான குழந்தைகள் அதில்தான் தொடங்குவார்கள். மரப் புல்லாங்குழல், பட்டன் அக்கார்டியன், நான்கு நரம்பு பாஞ்சோ எல்லாம் உண்டு. க்ளேருக்கென்றே உரியது கான்செர்ட்டினா: இரண்டு கைக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி, விரித்துச் சுருக்கி வாசிப்பது. கில்ரஷ் ஊரில் பப் நடத்திய திருமதி க்ராட்டி (1885–1960) இதை வாசித்த விதத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். பௌரான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய வட்டச் சட்டகம், பார்க்க நம் தப்பு மாதிரி இருக்கும், சிறு குச்சியால் அடிப்பார்கள். முன்பு டிசம்பர் 26ஆம் தேதி முகமூடி போட்டு வீடு வீடாகப் போகும் ஊர்வலத்தில்தான் அதிகம் கேட்கும், 1960களில் ஷான் ஓ ரீயடா என்ற இசையமைப்பாளர்தான் அதைக் குழு இசைக்குள் கொண்டுவந்தார்.

ஆனால் யாராவது நீளப் பெட்டியைத் திறந்து, பெல்ட்டுகளை எடுத்து இடுப்பிலும் கையிலும் கட்டத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அது இலன் பைப்ஸ். இலன் என்றால் ஐரிஷில் முழங்கை. ஸ்காட்லாந்துப் பைப் போல வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி, அதை அமுக்க அமுக்க இடது கைக்குக் கீழே இருக்கும் பைக்குக் காற்று போகும். வாயின் ஈரம் படாததால் உள்ளே இருக்கும் சீவாளி காய்ந்தே இருக்கும், ஓசையும் கூச்சலாக இல்லாமல் அறைக்குள் அடங்கி ஒலிக்கும். விரல் ஓடும் குழலில் நாதஸ்வரம் போலவே இரட்டை நாக்குச் சீவாளி. மூன்று குழல்கள் ஓயாமல் ஆதார ஸ்ருதி பிடிக்கும், இன்னும் மூன்று குழல்களில் இருக்கும் சாவிகளை மணிக்கட்டின் ஓரத்தால் தட்டி இணை ஸ்வரம் கூட்டுவார்கள். வலது தொடையில் ஒரு தோல் துண்டு கட்டியிருப்பார்கள், குழலின் வாயை அதில் அழுத்தி மூடினால் ஸ்வரம் பட்டென்று அறுந்து நிற்கும். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து அந்தத் தோல் துண்டைப் பார்த்திருக்கிறேன். குழல் வாய் வருடக்கணக்காக அழுந்தி அழுந்தி அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. பைப்பர் ஆக ஏழு வருடம் கற்க வேண்டும், ஏழு வருடம் பழக வேண்டும், ஏழு வருடம் வாசிக்க வேண்டும் என்று பழமொழியே உண்டு. 2017இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

காதைப் பழக்குவது

புதிதாகக் கேட்கிறவர்களின் புகார் ஒன்றுதான்: எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. தாளத்தைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த அடுத்த நிமிடம் இந்தப் புகார் போய்விடும், நமக்கு அது சுலபமும்கூட. தொடையில் விரலால் தட்டிக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். 'தகிட தகிட' என்று இரண்டு மூன்றாகப் பொருந்தினால் அது ஜிக். 'தகிட' மூன்று தடவை வந்து சுற்று முடிந்தால் ஸ்லிப் ஜிக், ஒன்பது எண்ணிக்கை, தரையில் படாமல் மிதக்கும். 'தகதிமி தகதிமி' என்று விடாமல் ஓடினால் ரீல், இரவு முழுக்க அதிகம் கேட்பது இதுதான். அதே நாலு எண்ணிக்கை கொஞ்சம் நிதானமாக, ஆடி ஆடி நடந்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'டம் டம் டம்' என்று மூன்று அடி வைத்து நின்றால் ஹார்ன்பைப். 'தக தக' என்று குதித்தால் போல்கா, அதை வாசிக்கிறவர் அநேகமாக கெர்ரி, கார்க் எல்லைப் பக்கத்து ஸ்லீவ் லூக்ரா ஆளாகவோ அந்தப் பக்கத்து இசைமேல் பிரியம் உள்ளவராகவோ இருப்பார்.

அடுத்தது வடிவம். ஒரு ட்யூனுக்குப் பொதுவாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார் (இங்கே பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு), ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் 32 பார். ரீல் வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதையே இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த ட்யூனுக்குத் தாவுவார்கள். இப்படி மூன்று ட்யூன் சேர்ந்தது ஒரு செட். இந்தத் தாவலைப் பிடிப்பதுதான் செஷன் கேட்பதில் உள்ள பெரிய சந்தோஷம். கடைசிச் சுற்றின் கடைசி நாலு பாரில் தொடங்கினவரின் முகத்தைப் பாருங்கள், புருவம் உயரும் அல்லது கால் லேசாகத் தூக்கும், சிலர் அடுத்த ட்யூனின் ஸ்வரத்தைச் சும்மா வாயால் சொல்வார்கள். அடுத்த நொடி ஸ்ருதி இடம் மாறி எட்டுப் பேரும் ஒன்றாகப் புது ட்யூனுக்குள் இருப்பார்கள். அந்த இடத்தில் அறையில் யாராவது "ஹப்!" என்று கத்துவார். உங்களுக்கும் வந்தால் கத்துங்கள், அது வரவேற்கப்படுகிற சத்தம்.

கைதட்டித் தாளம் போடுவது மட்டும் வேண்டாம். கூட்டத்தின் கைத்தட்டல் எப்போதும் இழுத்துப் பிடிக்கும், வாசிக்கிறவர்களால் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. தொடையில் தட்டுங்கள், காலால் மெல்லத் தட்டுங்கள், போதும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கூடுதல் வாசல் உண்டு. இந்த ட்யூன்களில் பல கரகரப்ரியா, ஹரிகாம்போஜி ஸ்வர வரிசைகளில் உட்கார்ந்திருக்கும். ராகம் என்று தேடாதீர்கள், கமகமும் ஆலாபனையும் இங்கே இல்லை, அலங்காரம் எல்லாம் சின்னச் சின்ன வெட்டுகளும் சுழிப்புகளும்தான். ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

ஊருக்கு ஒரு நடை இருக்கிறது. கிழக்கு க்ளேரில் ரீலைக்கூட அவசரமில்லாமல் கொஞ்சம் ஏக்கத்தோடு வாசிப்பார்கள். ஃபீக்கில் பக்கத்திலிருந்து வந்த மார்ட்டின் ஹேஸ் அந்த நடையை உலகமெங்கும் கொண்டுபோனார், அவருடைய அப்பா பி. ஜே. ஹேஸ் துல்லா கெய்லி பேண்ட் என்ற நடன இசைக்குழுவில் பிடில் வாசித்தவர். டொனிகாலில் வில் வேகமாக வெட்டும், ஸ்காட்லாந்துச் சாயல் அடிக்கும். ஸ்லைகோ நடை அலங்காரம் மிகுந்தது. ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன மைக்கேல் கோல்மன் 1920களில் இசைத்தட்டுகள் கொடுத்தார், அவை கப்பலில் அயர்லாந்துக்குத் திரும்பி வந்து, பல ஊர்களில் சொந்த நடையை விட்டுவிட்டு அவரைப்போல வாசிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு கொடை: கார்க்கில் பிறந்து சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவர் ஆன ஃபிரான்சிஸ் ஓ'நீல், அங்கே குடியேறியிருந்த ஐரிஷ்காரர்களிடம் ட்யூன் சேகரித்து 1903இல் 1850 ட்யூன்களை அச்சில் போட்டார். இன்றைக்கு மேசையில் கேட்கும் ட்யூனில் எத்தனையோ அந்தப் புத்தகத்தின் வழியாகப் பிழைத்தவை.

பாட்டு வரும்போது

இரவு பதினொன்றை நெருங்கும்போது, ஒரு செட் முடிந்ததும் யாரோ ஒருவர் "ஒரு பாட்டு" என்பார். அறைக்குள் "ஷ்ஷ்" என்று ஒரு அலை போகும். அந்த நொடியில் நீங்கள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் நிறுத்துவது. பேச்சு, கிளாஸ் வைக்கும் சத்தம், போன், எல்லாம். பாரில் பீர் ஊற்றுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

இப்படி வரும் பாட்டில் ஒரு வகை ஷான் நோஸ், அதாவது 'பழைய முறை'. ஐரிஷ் மொழியில், துணை வாத்தியம் இல்லாமல், ஒற்றைக் குரலில் பாடுவது. இதற்குத் தாளக்கட்டு இல்லை, சொல் போகும் போக்கில் மெட்டு நீளும், சுருங்கும். கால்வே பக்கத்துக் கான்னமாராவின் கார்னா பகுதியில் பிறந்த ஜோ ஹீனி (1919–1984) பாடிய பதிவுகள் கிடைத்தால் போவதற்கு முன்பே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். உணர்ச்சியைக் குரலில் ஏற்றிக் காட்டமாட்டார்கள். சத்தம் ஏறாது, முகம் மாறாது. பலர் கண்ணை மூடிக்கொள்வார்கள் அல்லது சுவரைப் பார்ப்பார்கள். துக்கம் முழுக்க சொல்லிலும் அந்தச் சின்னச் சின்ன ஸ்வரச் சுழிப்பிலும்தான். அருகில் இருப்பவர் பாடுகிறவரின் கையைப் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் மெல்லச் சுற்றிக் கொடுப்பதும் உண்டு, கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. பாட்டு முடியும்போது கடைசி வார்த்தைகளைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி நிறுத்துவார்கள். அதைக் கேட்டதும் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நடுவில் பிடித்த வரிக்கு "மா ஹூ" என்று தணிந்த குரலில் சொல்வார்கள், நம் 'பேஷ்' மாதிரி.

ஆங்கிலத்திலும் பாட்டுகள் வரும், பல்லவி வந்தால் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், நீங்களும் சேரலாம். கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றிய பாட்டு நிறைய. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தொடங்கி, சில வருடங்களுக்குள் பத்து லட்சம் பேர் செத்து, அதைவிட அதிகமானவர்கள் கப்பலேறிய நாடு இது. அந்தப் பாட்டுகளைப் பழைய கதையாக யாரும் பாடுவதில்லை.

பாடி முடித்தவருக்கு அடுத்து யார் பாட வேண்டும் என்று அழைக்கும் உரிமை உண்டு. வெளியூர்க்காரராக நீங்கள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கை உங்களை நோக்கி நீளலாம். பதறாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். இரண்டு சரணம் போதும், தமிழிலேயே பாடுங்கள். எனக்கு அது நேர்ந்தபோது சினிமாப் பாட்டு எதுவும் வாயில் வரவில்லை, ஆச்சி பாடும் தாலாட்டுதான் வந்தது. "ஆராரோ" என்று நான் இழுத்தபோது எதிரே இருந்தவர் தலையை நிமிர்த்தினார். முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்களுக்கு அது ஷோஹீன் ஷோ" என்று சொல்லி, தன் அம்மா பாடியதை இரண்டு வரி என் காதுக்கு மட்டும் பாடிக் காட்டினார்.

ஆட்டம்

ஐரிஷ் ஆட்டம் என்றதும் வரிசையாக நின்று, கையை உடம்போடு ஒட்டி, காலை மட்டும் வீசும் மேடைக் காட்சி நினைவுக்கு வரும். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. போட்டி மேடைகளில் ஆடுவது அந்த வகை ஸ்டெப் டான்ஸ்: ஸ்லிப் ஜிக்குக்கு மெல்லிய செருப்பு, ஹார்ன்பைப்புக்கு அடி கனத்த ஷூ. இந்த அடவுகளை 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர்கள் நடன வாத்தியார்கள். வலது இடது தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு காலில் வைக்கோல் கயிறும் மறு காலில் கொடிக் கயிறும் கட்டி, வைக்கோலைத் தூக்கு, கொடியை இறக்கு என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

பப்பில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் இது இல்லை, ஷான் நோஸ் ஆட்டம். கான்னமாராவின் பழக்கம். யாராவது ஒரு பலகையைக் கொண்டுவந்து தரையில் போடுவார்கள். முன்பு வீட்டுத் தரை மண் என்பதால் கதவையே கழற்றிப் போட்டு ஆடினார்கள். ஆடுகிறவர் சாதாரணச் சட்டை, தோல் ஷூவோடு எழுந்து வருவார். கை தளர்ந்து தொங்கும், சில சமயம் தோள்வரை எழும். கால் தரையை விட்டு இரண்டு அங்குலம்கூட உயராது, ஆனால் குதிகாலும் முன்பாதமும் பலகையில் அடிக்கும் அடி தனி ஆவர்த்தனம் போல இருக்கும். முன்கூட்டி அமைத்த வரிசை கிடையாது, அப்போதைக்கு அப்போது வருவது. கூட வாசிக்கிறவர் ஒருவராகக் குறைந்துவிடுவார், அடி கேட்க வேண்டும் என்பதற்காக. அப்போது கண்ணால் பார்ப்பதைவிட ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே ஆட வேண்டுமா? அதற்கு இருப்பது கெய்லியும் செட் டான்ஸும். கெய்லி என்பது முதலில் அக்கம்பக்கத்து வீட்டுக்கு மாலையில் போய்ப் பேசிக்கொண்டிருப்பதற்கான சொல். 1897இல் லண்டனில், ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேலிக் லீக் அமைப்பு நடத்திய நடன இரவுக்கு அந்தப் பெயர் வைத்தபிறகு நடனமே அதன் பொருளாகிவிட்டது. க்ளேரில் கில்ஃபெனோரா கெய்லி பேண்ட் 1909இலிருந்து இதற்கு வாசிக்கிறது. செட் டான்ஸில் நாலு ஜோடி சதுரமாக நிற்பார்கள், ஐந்தாறு பகுதிகள், க்ளேரில் கலிடோனியன் செட் பிரபலம். சேரும்போதே ஜோடியிடம் "எனக்கு முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள், மற்ற ஏழு பேரும் உங்களைத் தள்ளியும் இழுத்தும் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சுழலும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் வலது பாதமும் ஜோடியின் வலது பாதமும் ஒட்டி நடுவில் நிற்க வேண்டும், இடது காலால் உந்த வேண்டும், பார்வை ஜோடியின் முகத்தில் இருக்க வேண்டும். சுவரைப் பார்த்தால் தலை சுற்றிவிடும். ரப்பர் அடி ஷூ வேண்டாம், வழுக்காது, முழங்கால்தான் திருகும்.

நீங்களும் வாசிப்பவர் என்றால்

வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் கேளுங்கள். அப்புறம் தொடங்குகிறவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். தெரிந்த ட்யூனில் மட்டும் சேருங்கள், தெரியாததில் தடவித் தடவிக் கூட வருவதை யாரும் விரும்புவதில்லை. பௌரான் ஒன்று ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது வேண்டாம். உங்கள் முறை வந்து ஒரு ட்யூன் தொடங்கச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்ததைத் தொடங்குங்கள்.

வாசிக்காதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பாட்டு, ட்யூன் கேட்டு விருப்பச்சீட்டு நீட்டாதீர்கள். போனில் பதிவு செய்ய ஆசை என்றால் இடைவெளியில் போய்க் கேளுங்கள், பாட்டைப் பதிவு செய்வதாக இருந்தால் பாடினவரிடமே கேளுங்கள். மனசு நிறைந்திருந்தால் பாரில் சொல்லி மேசைக்கு ஒரு ரவுண்டு அனுப்பலாம், யார் என்ன குடிக்கிறார்கள் என்று பாரில் இருப்பவருக்குத் தெரியும்.

பேச்சுக் கொடுக்க நல்ல கேள்வி "இந்த ட்யூன் உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது?" என்பதுதான். பெயர் என்ன என்று கேட்டால் பாதி நேரம் பதில் வராது. ஒரே ட்யூனுக்கு நாலு பெயர் இருக்கும், சிலவற்றுக்கு 'கன் அன்யிம்', அதாவது 'பெயரில்லாதது' என்பதே பெயர். ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு மனிதரைப் பற்றி, ஒரு வீட்டைப் பற்றி, ஒரு மழை இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள்.

கிளம்பும்போது

வார நாளில் பதினொன்றரைக்கும், வெள்ளி சனியில் பன்னிரண்டரைக்கும் விற்பனை நிற்கும், கிளாஸைக் காலி செய்ய இன்னும் அரை மணி தருவார்கள். விளக்கை அணைத்துப் போட்டு, "உங்களுக்கெல்லாம் போக வீடு இல்லையா?" என்று பாரிலிருந்து குரல் வரும். அதற்கும் பிறகு ஒரு ட்யூன் வரும், பெட்டியெல்லாம் மூடிய பின்னும் ஒருவர் மட்டும் மூடாமல் வைத்திருப்பார். அதற்காக இருங்கள்.

வெளியே வந்ததும், தெருவைத் தாண்டுவதற்கு முன், மனதில் ஓடும் ட்யூனைப் போனில் முணுமுணுத்துப் பதிவு செய்துவிடுங்கள். படுக்கைக்குப் போகும்வரை தங்காது, எனக்கு எத்தனையோ போயிருக்கின்றன. முழுசாக வர வேண்டாம், முதல் நாலு பார் போதும். மறுநாள் வேறு பப்பில் வேறு மேசைக்குப் போய், இடைவெளியில் அதைப் பிடில்காரரிடம் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பார் கேட்டதும் போனைக் கையால் தள்ளிவிட்டு வில்லை எடுப்பார், மிச்சத்தை அவரே வாசித்துவிடுவார்.